சுண்ணாம்புக் கலயம்: பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே ஒரு சட்டக் கோடு

பதநீர் என்பது பனையின் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு பூசிய கலயத்தில் இறக்கப்படும் இனிப்புச் சாறு ஆகும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் பேச்சு வழக்கில் இதைப் 'பயினி' என்பர்; கன்னியாகுமரி மாவட்டத்தில் 'அக்கானி' என்பர்; யாழ்ப்பாணத்தில் 'கருப்பணி' என்பர். அதே மரத்தில், அதே பாளையை, அதே அரிவாளால் சீவி, சுண்ணாம்பு பூசாத கலயத்தைக் கட்டினால் இறங்குவது கள். தமிழ்நாட்டில் முன்னதை இறக்குவது தொழில். பின்னதை இறக்குவது குற்றம். இரண்டுக்கும் இடையில் இருப்பது கலயத்தின் உட்சுவரில் பூசிய ஒரு மெல்லிய வெள்ளைப் பூச்சு மட்டுமே.

சட்டத்தின் விளிம்பில் மனிதரின் சூட்சுமம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தாமிரபரணிக் கரையில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சட்டத்தை ஏய்க்கும் தந்திரங்களும் இதில் உண்டு. ஆனால் அவற்றைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு: இந்தக் கோட்டைச் சட்டம் வரையவில்லை. பனையேறிகள் தங்கள் தொழிலுக்காக முன்பே கண்டுவைத்திருந்த கோட்டைத்தான் சட்டம் எடுத்துக்கொண்டது.

பனை நிலம்

பாபநாசம் தொடங்கி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகத் திருவைகுண்டம் வரை தாமிரபரணிப் பாசன நிலம் வாழையும் நெல்லுமாக இருக்கும். ஆற்றுக்குத் தெற்கே, திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் போனால் காட்சி மாறிவிடும். செம்மணல் தேரிகளும், அவற்றின் ஓரமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனைகளும்தான். 1986ஆம் ஆண்டு தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை இவை அனைத்தும் திருநெல்வேலி மாவட்டமே. நன்செய்க்காரருக்கு ஆறு சோறு போட்டது. தேரிக்காட்டுக்காரருக்குப் பனை சோறு போட்டது. இந்த வட்டாரத்தில் பனையேறும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் பெரும்பாலும் கருப்பட்டியிலிருந்தே வந்தது, கள்ளிலிருந்து அல்ல. பின்னால் வரும் செய்திகளுக்கு இது அடிப்படை.

தொழில் நடக்கும் விதம்

பதநீர்க் காலம் ஏறத்தாழத் தை மாசியில் தொடங்கி ஆடி வரை நீளும். பனையேறி மரத்தில் முருக்குத்தடியைச் சாய்த்து, காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் அரிவாள் பெட்டி கட்டி ஏறுவார். ஆண் பனையிலும் பெண் பனையிலும் பாளை உண்டு. இரண்டிலும் சாறு கிடைக்கும். பாளை விரியத் தொடங்கும்போதே அதை மரத்தாலான இடுக்கியால் பதமாக நசுக்கிப் பழக்க வேண்டும். பிறகு நாள்தோறும் காலையும் மாலையும் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவ வேண்டும். சீவாமல் விட்டால் வெட்டு வாய் அடைத்துக்கொள்ளும், சாறு நின்றுவிடும். ஒருவர் முப்பது நாற்பது மரங்களை ஏற்றெடுத்தால், ஒவ்வொன்றிலும் நாளைக்கு இரு முறை ஏறி இறங்குவார். அந்தக் கணக்கை மாணவர்களே போட்டுப் பார்க்கலாம்.

மாலையில் கட்டிய கலயம் இரவு முழுவதும் மரத்தில் இருக்கும். நம் ஊர் வெப்பத்தில், சர்க்கரை நிறைந்த சாறு பன்னிரண்டு மணி நேரம் திறந்து கிடந்தால் என்ன ஆகும்? காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் நுண்துளைகளிலும் இருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் வேலையைத் தொடங்கிவிடும். பதநீரில் எடைக்கணக்கில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சர்க்கரை உண்டு. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ். ஈஸ்ட் இதைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்து, பின் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். நுரைப்பது அந்த வாயுவால். சில மணி நேரத்தில் சாறு கள்ளாகிவிடும். இன்னும் விட்டுவைத்தால் அசெட்டிக் அமிலம் உண்டாகிக் காடியாகப் புளித்துப்போகும்.

சுண்ணாம்பு இந்த வேலையைத் தடுக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு, வலிமையான காரம். சாறு சொட்டுச் சொட்டாக விழும்போதே அதன் காரத்தன்மை உயர்ந்துவிடுவதால் ஈஸ்ட் பெருக முடிவதில்லை. நுண்ணுயிர் என்ற சொல்லே தெரியாத காலத்திலேயே இந்தப் பழக்கம் வந்துவிட்டது. கடற்கரைச் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை மட்டையால் தொட்டுக் கலயத்தின் உள்ளே சுற்றிப் பூசுவார்கள். எவ்வளவு என்பதுதான் கைப்பழக்கம். கூடினால் பதநீர் நாக்கில் காரும், கருப்பட்டி கறுத்துச் சுவை கெடும். குறைந்தால் விடிவதற்குள் புளித்துவிடும். நிறைய ஊறும் மரத்துக்கு ஒரு பூச்சு, ஊற்றுக் குறைந்த மரத்துக்கு வேறு பூச்சு. மப்பு நாளில் ஒன்று, வெயில் நாளில் வேறொன்று. இதை அளந்து சொல்லும் கருவி எதுவும் மரத்தில் இல்லை.

கருப்பட்டி கேட்ட சுண்ணாம்பு

சுண்ணாம்பு பூசுவது மதுவிலக்குச் சட்டத்துக்குப் பயந்து வந்த வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கருப்பட்டிக்கு அது முதலிலேயே தேவைப்பட்டது. பதநீரைப் பெரிய சட்டியில் ஊற்றிக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் இறுகிக் கட்டியாக வேண்டும். அது இறுகுவது சுக்ரோஸ் சிதையாமல் இருந்தால்தான். சாறு சிறிது புளித்திருந்தாலும் சுக்ரோஸ் உடைந்திருக்கும். பாகு எவ்வளவு காய்ச்சினாலும் பிசினாக இழுபடும், கட்டியாகாது. பனங்கற்கண்டு இன்னும் கண்டிப்பானது. பாகைப் பானையில் ஊற்றி வாரக்கணக்கில் அசையாமல் வைத்துப் படிகமாக்க வேண்டும். புளித்த சாற்றில் படிகமே விழாது.

காய்ச்சும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. ஓலைக் கொட்டகையான விடிலியில், பனை மட்டையும் சருகும் எரித்து, மணிக்கணக்கில் கிண்டுவார்கள். பொங்கி வழிய வந்தால் அரைத்த ஆமணக்கு விதையைச் சிறிது இடுவார்கள், நுரை அடங்கும். கணவர் எந்த மரத்துக் கலயத்தில் சுண்ணாம்பைக் குறைத்துவிட்டார் என்பதைச் சட்டியில் நுரைக்கும் விதத்தை வைத்தே சொல்லிவிடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டம் வந்த கதை

ஆங்கிலேய அரசுக்குக் கள் ஒரு பெரிய வருவாய். 1886ஆம் ஆண்டின் மதராஸ் ஆப்காரிச் சட்டம் 'கள்' என்பதற்குத் தந்த விளக்கத்தில், பனை, தென்னை, ஈச்சை முதலான மரங்களிலிருந்து இறக்கும் சாறு புளித்ததானாலும் புளிக்காததானாலும் அடங்கிவிட்டது. சொல்லளவில் பார்த்தால் குழந்தை குடிக்கும் பயினியும் கள்தான். இப்படி எழுதியதற்குக் காரணம் உண்டு. சாறு மரத்திலேயே புளிக்கத் தொடங்குவதால், எந்த நொடியில் அது மதுவாகிறது என்று எந்த அதிகாரியாலும் காட்ட முடியாது. எனவே வலையை அகலமாக விரித்துவிட்டு, வெல்லம் காய்ச்சும் இனிப்புச் சாற்றுக்கு விலக்குத் தந்தார்கள். கள் இறக்கும் மரத்துக்கு மரவரி. சுண்ணாம்புக் கலயம் கட்டிய மரத்துக்கு வரி இல்லை. ஒரு வேதியியல் கேள்விக்குக் கண்ணால் பார்த்துச் சொல்லும் விடை கிடைத்துவிட்டது: கலயத்தைக் கவிழ்த்து உள்ளே வெள்ளையா என்று பார்.

1937இல் இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. அடுத்து சித்தூர், கடப்பை, வட ஆற்காடு மாவட்டங்களுக்கு விரிந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. இன்றுவரை நாம் கடையில் கட்டும் வரியின் வேர்களில் ஒன்று கள்ளில் இருக்கிறது என்பது மாணவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது. கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்கு மாற்று வழியாக அரசு காட்டியது பதநீரும் பனைவெல்லமும்தான். வார்தாவில் 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தில் காந்தியும் ஜே. சி. குமரப்பாவும் பனைவெல்லத்தைத் தீவிரமாகப் பரப்பி வந்தனர். கரும்பு விளையும் நல்ல நிலத்தைத் தானியத்துக்கு விட்டுவிட்டு, தரிசில் தானாக நிற்கும் பனையிலிருந்து சர்க்கரை எடுக்கலாம் என்பது குமரப்பாவின் வாதம். உடன்குடிக்காரருக்கு இது புதிய செய்தி அல்ல.

விளிம்பில் நடந்தவை

கோடு வெள்ளைப் பூச்சில் இருக்கிறது என்றதும், பூச்சை வைத்தே விளையாட்டும் தொடங்கிவிட்டது. நாற்பது மரத்தில் முப்பத்தெட்டுக்குச் சுண்ணாம்பு, வீட்டுக்காரர் குடிக்க இரண்டுக்கு இல்லை என்பது மிகப் பழைய ஏற்பாடு. சோதனைக்கு வருபவர் நாற்பது மரமும் ஏறப்போவதில்லை. இன்னொன்று பேருக்குப் பூசுவது: கலயத்தின் கழுத்தளவில் வெள்ளை தெரியும், அடியில் முந்தைய நாள் கள்ளின் மண்டி இருக்கும். அந்த மண்டியே அடுத்த நாள் சாற்றுக்கு உறை மோர் போல. மூன்றாவது, விடியும் முன்பே மரத்தின் உச்சியிலேயே குடித்துவிட்டு வெறுங்கலயத்தோடு இறங்குவது. சட்டம் தரையில்தான் நின்றுகொண்டிருக்கும்.

கள்ளில் பிறகு சுண்ணாம்பைக் கலக்கிப் பதநீராகக் காட்டிவிடலாம் என்று முயன்றவர்களும் உண்டு. இது பலிக்காது; ஏன் என்பது பத்தாம் வகுப்பு அறிவியல். சுண்ணாம்பு அமிலத்தை நடுநிலையாக்கும், எனவே புளிப்பு மறையும். ஆல்கஹாலை அது ஒன்றும் செய்யாது. உடைந்த சர்க்கரையையும் ஒட்டவைக்காது. பார்வைக்கும் நாக்குக்கும் தப்பினாலும் காய்ச்சும் சட்டியில் அது தோற்றுவிடும்.

இவற்றைப் படித்துவிட்டுப் பனையேறிகள் எல்லாரும் சட்டத்தை ஏமாற்றியே வாழ்ந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தேரிக்காட்டில் பதநீரைப் புளிக்கவிட்டால் முதல் நட்டம் கருப்பட்டிக்குத்தான். பெரும்பான்மையோர் நேர்மையாகப் பூசினார்கள். சிக்கல் எங்கே வந்தது என்றால், தொழிலில் இயல்பாக நேரும் பிழையையும் சட்டம் தந்திரத்தோடு ஒன்றாகவே பார்த்தது. கோடை மழை திடீரென்று இரவில் அடித்தால் கலயத்தில் தண்ணீர் புகுந்து சுண்ணாம்பு கரைந்து நீர்த்துவிடும். விடியும்போது உள்ளே இருப்பது பதநீரும் அல்ல, நல்ல கள்ளும் அல்ல. கொட்ட வேண்டிய ஒரு திரவம். ஆனால் மணம் என்னவோ கள் மணம்தான்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், மஞ்சள்தூளை வைத்து அமில காரச் சோதனை காட்டுவதற்குப் பதநீர் கொண்டுவரச் சொல்வது வழக்கம். மஞ்சள் காரத்தில் சிவக்கும். சுண்ணாம்பு நன்றாகப் பிடித்த பதநீரில் உடனே செம்மை தெரியும். எப்போதும் கொண்டுவரும் மாணவன் ஒருமுறை மூன்று நாள் வரவில்லை. மழைக்கு அடுத்த காலையில் அவன் அப்பாவைக் கலயத்தோடு பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வந்தவன் வகுப்பில் எழுந்து, "சார், மழை பேஞ்சி சுண்ணாம்பு கரைஞ்சா கேஸ் மழை மேலயா, எங்கப்பா மேலயா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் மஞ்சள்தூளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன். அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

வேறு நாடுகளில், வேறு மரங்களில்

சாறு மதுவாகும் தறுவாயில் கோடு போடும் சிக்கல் பனைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லேண்ட் என்ற ஊரில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் இருந்தார். மதுவை வெறுத்த மெதடிஸ்ட் சபையினரான அவருக்குத் தேவாலயத் திருவிருந்தில் திராட்சை மது தருவது உறுத்தியது. பாஸ்டர் காட்டிய வழியில், 1869இல் திராட்சைச் சாற்றைப் புட்டியில் அடைத்துச் சூடேற்றி ஈஸ்டைக் கொன்று, புளிக்காத சாறு தயாரித்தார். நம்மூரில் சுண்ணாம்பு செய்ததை அங்கே வெப்பம் செய்தது.

அதே நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது எதிர்த்திசையில் மூளை வேலை செய்தது. வீட்டில் பழச்சாறு செய்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருந்ததால், காய்ச்சி இறுக்கிய திராட்சைக் கட்டிகள் கடைக்கு வந்தன. 'இதைத் தண்ணீரில் கரைத்து இத்தனை நாள் அலமாரியில் வைத்துவிடாதீர்கள், மதுவாகிவிடும்' என்ற பொருளில் எச்சரிக்கையும் கூடவே இருந்தது. எச்சரிக்கையின் வடிவில் செய்முறை! சட்டத்தின் எழுத்துக்கு உட்பட்டு அதன் நோக்கத்தைத் தாண்டும் குறும்புக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

நம் பக்கத்திலும் புதிய வழிகள் வந்துள்ளன. கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், தென்னம்பாளைச் சாற்றைப் பனிக்கட்டி வைத்த சிறு பெட்டியில் மரத்திலேயே குளிரச் சேகரிக்கும் முறையை உருவாக்கியது. குளிரில் ஈஸ்ட் முடங்கிவிடும், சுண்ணாம்பு தேவையில்லை. தமிழ்நாடு அரசு 2017இல் தென்னையிலிருந்து 'நீரா' இறக்க அனுமதித்தது. புளிப்பைத் தடுக்கும் கரைசல் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. கலயத்துச் சுண்ணாம்பின் இடத்தில் இப்போது கரைசலும் பனிக்கட்டியும் வந்திருக்கின்றன. கோடு அதே இடத்தில்தான் இருக்கிறது.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் கள், சாராயக் கடைகள் திறந்தன. 1987 முதல் கள்ளுக்குத் தடை தொடர்கிறது. 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறை மதுக்கடைகளை நடத்துகிறது. ஐந்து விழுக்காடு அளவில் ஆல்கஹால் உள்ள கள் குற்றமாகவும், அதைப் போல் எட்டு மடங்கு வீரியமுள்ள பிராந்தி அரசு விற்பனையாகவும் இருப்பது நியாயமா என்று பனைத் தொழிலாளர் அமைப்புகள் தொடர்ந்து கேட்டு வருகின்றன. அண்டை மாநிலமான கேரளத்திலும் இலங்கையின் யாழ்ப்பாணத்திலும் கள் உரிமத்தோடு விற்கப்படுகிறது. கள்ளைத் திறந்துவிட்டால் குடி பெருகும், கலப்படம் வரும் என்பது மறுதரப்பு வாதம். கலப்படக் கள்ளால் மக்கள் மாண்ட செய்திகள் பல மாநிலங்களில் உண்டு என்பதால் அதையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. என் கருத்தில், கள்ளை அனுமதிப்பதா வேண்டாமா என்ற விவாதம் எப்படி முடிந்தாலும், பதநீர் இறக்குபவரைக் கலயத்தை முகர்ந்து பார்த்துக் குற்றவாளியாக்கும் பழக்கம் தனியாகத் தீர்க்கப்பட வேண்டிய ஒன்று. கேட்பதற்கு ஒரு வேதிச் சோதனை போதும். அது பள்ளி ஆய்வகத்திலேயே செய்யக்கூடியது.

பனை நம் மாநில மரம். 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்றும் பனை விதைகள் பரவலாக வழங்கப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. தாமிரபரணிக் கரையில் வல்லநாட்டுக்கு அருகே உள்ள கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனை ஆராய்ச்சி நடக்கிறது. பனையேறும் கருவிகளும் சோதிக்கப்பட்டுள்ளன. மரம் காக்கப்படுகிறது. ஏறுபவர்தான் குறைந்துகொண்டே வருகிறார். ஏறத் தெரிந்தவர் இல்லாத பனையில் பாளை தானாகக் காய்ந்து விழுகிறது.

திருச்செந்தூர் சாலையில் கோடைக் காலத்தில் போகிறவர்கள், ஓலைப் பட்டையில் நுங்கைச் சீவிப்போட்டுப் பதநீர் ஊற்றித் தருபவரிடம் கலயத்தின் உட்புறத்தைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். பல இடங்களில் மண்கலயத்துக்குப் பதில் பிளாஸ்டிக் குடம் வந்துவிட்டது. ஆனால் அதன் உள்ளேயும் அடியில் வெள்ளை படிந்திருக்கும். நிறையப் படிந்திருந்தால் சிறிது நேரம் தெளியவிட்டு மேலாக ஊற்றச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒரு கரண்டி தனியே எடுத்துச் சிட்டிகை மஞ்சள்தூள் இட்டுப் பாருங்கள்.